ராவாங் ஈயமும் ஊர்ப் பள்ளியும்: வள்ளல் கே. தம்புசாமி பிள்ளையின் வாழ்க்கை



நம் புக்கிட் பெருந்துங்கிலிருந்து தெற்கு நோக்கிச் சென்றால் முதலில் செரண்டாவும் அதற்கு அப்பால் ராவாங்கும் வருகின்றன. உறவினரைக் காணவும், கோலாலம்பூருக்குச் செல்லவும் நாம் பலமுறை அவ்வழியே சென்றிருக்கிறோம். ராவாங் என்றதும் அங்குள்ள கடைத்தெருவும் சிமெண்டு ஆலையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், மலாயாவில் தொழிலுக்கென முதன்முதலில் மின்சாரம் உண்டாக்கப்பட்ட இடம் அவ்வூரே என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அந்தப் பெருமைக்குரிய இருவருள் ஒருவர் தமிழர் என்பதையும், அவர் தாம் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு கோலாலம்பூரில் ஒரு பள்ளி எழத் துணை நின்றார் என்பதையும் எத்தனை பேர் அறிவோம்? அப்பெருமகனாரே கே. தம்புசாமி பிள்ளை.

ஓர் ஊரின் மண்ணிலிருந்து பொருள் ஈட்டும் நிறுவனம், அவ்வூரின் பிள்ளைகளுக்கும் மக்களுக்கும் செய்ய வேண்டிய கடமை யாது? இக்கேள்வி இன்று பலராலும் பேசப்படுகிறது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தம் செயலால் அதற்கு ஒரு விடை தந்தவர் தம்புசாமி பிள்ளை. அவருடைய வாழ்க்கையை நாம் இக்கட்டுரையில் காண்போம்.

இளமையும் கல்வியும்

தம்புசாமி பிள்ளை 1850ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் காயாரோகணம் பிள்ளை. அக்காலத்தில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த தமிழருள் பெரும்பாலோர் உடலுழைப்பை நம்பியே வாழ்ந்தனர். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எட்டாக் கனியாக இருந்தது. தம்புசாமிக்கோ அந்த வாய்ப்புக் கிட்டியது. சிங்கப்பூரில் புகழ்பெற்று விளங்கிய ராஃபிள்ஸ் கல்விக்கழகத்தில் அவர் பயின்றார். ஆங்கில மொழியறிவும் கணக்கறிவும் அங்கே அவருக்கு வாய்த்தன.

கல்வி முடிந்ததும், ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் என்னும் வழக்கறிஞரின் அலுவலகத்தில் எழுத்தராகப் பணியில் அமர்ந்தார். எழுத்தர் வேலை பெரிய பதவியன்று. எனினும் ஆவணங்களைப் பிழையின்றி எழுதுதல், கணக்குகளைச் சரிபார்த்தல், சட்டத்தின் நுட்பங்களை அறிதல் முதலியவற்றை அவ்வேலை அவருக்குக் கற்பித்தது. பின்னாளில் அவர் பெற்ற உயர்வுகளுக்கெல்லாம் பள்ளியில் கற்ற எழுத்தும் எண்ணுமே அடிப்படையாக அமைந்தன. ஆகவே, அவர் பிற்காலத்தில் பள்ளி ஒன்றுக்குப் பொருள் வழங்கியதில் வியப்பொன்றும் இல்லை. கல்வியால் உயர்ந்தவர் கல்விக்கே திருப்பித் தந்தார்.

சிலாங்கூருக்கு வருகை

1867 முதல் 1874 வரை சிலாங்கூரில் உள்நாட்டுப் போர் நடந்தது. ஈயம் விளையும் நிலங்களும், ஆற்றுவழி வரும் சுங்க வருவாயும் எவருக்கு உரியன என்பதே அப்போருக்குக் காரணமாய் இருந்தது. போர் ஓய்ந்தபோது ஊர்கள் பாழாகிக் கிடந்தன. அதன்பின் ஆங்கிலேயர் சிலாங்கூருக்கு ஒரு பிரித்தானிய ஆலோசகரை அனுப்பினர். 1875ஆம் ஆண்டில் அப்பதவியை ஏற்றவர், முன்பு நாம் கண்ட டேவிட்சன் அவர்களே. தம் அலுவலகத்தில் திறமையோடு பணியாற்றிய தம்புசாமியையும் அவர் உடன் அழைத்து வந்தார். அப்பொழுது தம்புசாமிக்கு வயது இருபத்தைந்து.

தொடக்கத்தில் கிள்ளானே நிர்வாகத் தலைநகராக இருந்தது. 1880ஆம் ஆண்டில் தலைநகர் கோலாலம்பூருக்கு மாறியது. அன்றைய கோலாலம்பூர், அத்தாப்புக் கூரை வேய்ந்த வீடுகளும் சேறு நிறைந்த தெருக்களும் கொண்ட சிறிய ஈயப் பட்டணம். தம்புசாமி பிள்ளை அரசின் கருவூல அலுவலகத்தில் தலைமை எழுத்தராக உயர்ந்தார். மாநிலக் கருவூல அதிகாரி இல்லாத வேளைகளில் அப்பொறுப்பையும் இடைக்காலமாக ஏற்று நடத்தினார். ஆட்சி முழுவதும் ஆங்கிலேயர் கையில் இருந்த அக்காலத்தில், ஒரு தமிழரிடம் மாநிலத்தின் பணப்பெட்டி ஒப்படைக்கப்பட்டது என்றால், அவர்தம் நேர்மையில் இருந்த நம்பிக்கையை நாம் உணரலாம்.

அந்நாளில் இரயில் பாதை அமைக்கவும், சாலைகள் முதலிய பொதுப்பணிகளைச் செய்யவும் ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். அரசின் சார்பில் தம்புசாமி பிள்ளை இந்தியா சென்று தொழிலாளரை அழைத்து வந்தார். 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரைக் கிள்ளான் பகுதியோடு இணைக்கும் இரயில் பாதை திறக்கப்பட்டது. பின்னர் வடக்கே ராவாங், செரண்டா, கோல குபு எனப் பாதை நீண்டது. நாம் இன்று இரயிலில் செல்லும் இவ்வழியில், காட்டை வெட்டி மண்ணைச் சுமந்தவர்களுள் நம் முன்னோரும் இருந்தனர். இதனை நாம் நெஞ்சில் நிறுத்த வேண்டும். ஏனெனில், பின்னர் ஈட்டப்பட்ட செல்வத்திற்கெல்லாம் அவர்களுடைய வியர்வையும் ஒரு முதலாக இருந்தது.

ராவாங்கில் ஈயத் தொழில்

அரசுப் பணியிலிருந்து விலகிய தம்புசாமி பிள்ளை வணிகத்தில் இறங்கினார். சீனப் பெருவணிகர் லோக் யூ அவருக்குத் தொழிற் பங்காளியாக அமைந்தார். லோக் யூ சீனாவின் குவாங்தோங் மாநிலத்தில் பிறந்து, சிறுவனாகச் சிங்கப்பூருக்கு வந்து, கடைச் சிற்றாளாக வாழ்க்கையைத் தொடங்கியவர். உழைப்பால் உயர்ந்த இவ்விருவரும் இணைந்து ராவாங்கில் புதிய ஈயச் சுரங்கக் கம்பெனியை நடத்தினர்.

ஈயம் எடுப்பது எளிய தொழிலன்று. மண்ணோடும் மணலோடும் கலந்து கிடக்கும் ஈய மணியைப் பெற, முதலில் நிலத்தை ஆழமாகத் தோண்ட வேண்டும். தோண்டிய மண்ணை ஓடும் நீரில் அலச வேண்டும். இலேசான மணல் நீரோடு அடித்துச் செல்லப்படும். கனமான ஈய மணி அடியில் தங்கும். இத்தொழிலுக்கு நீரே துணை. நீரே பகையும் ஆகும். பள்ளம் ஆழமாக ஆக, ஊற்று நீரும் மழை நீரும் அதனுள் நிரம்பிவிடும். நீரை இறைத்தாலன்றி வேலை நடவாது. பல சுரங்கங்கள் நீரை இறைக்க இயலாமலே கைவிடப்பட்டன. தொடக்கத்தில் மனிதர் மிதித்து இயக்கும் மரச்சங்கிலி இறைப்பான்களும், பின்னர் நீராவி இயந்திரங்களும் பயன்பட்டன.

தம்புசாமி பிள்ளையும் லோக் யூவும் ஒரு படி மேலே சென்றனர். 1894ஆம் ஆண்டில் அவர்கள் தங்கள் ராவாங் சுரங்கத்தில் மின்னாக்கி ஒன்றை நிறுவி, மின்விசையால் நீரை இறைத்தனர். மலாயாவில் தொழிலுக்காக மின்சாரத்தைப் பயன்படுத்திய முதல் நிகழ்ச்சியாக வரலாறு இதனைக் குறிக்கிறது. ரவுப் தங்கச் சுரங்கத்துக்காகச் செம்பம் நீர்மின் நிலையம் அமைந்தது 1900ஆம் ஆண்டிலேதான். இன்று நம் வகுப்பறையில் விசையை அழுத்தியவுடன் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது. இந்நாட்டில் அவ்வசதியின் கதை, நமக்கு அருகிலுள்ள ராவாங்கில், ஒரு தமிழரும் ஒரு சீனரும் கூடி நடத்திய சுரங்கத்தில் தொடங்கிற்று என்பது நமக்குப் பெருமை தருவதன்றோ!

பள்ளி எழுந்த வரலாறு

ஈயத்தால் செல்வம் பெருகிய அக்காலத்தில், கோலாலம்பூரில் பிள்ளைகளுக்கு ஏற்ற ஆங்கிலப் பள்ளி இல்லை. வணிகர்களும் அரசாங்க அலுவலர்களும் தம் மைந்தர்களைச் சிங்கப்பூருக்கோ பினாங்கிற்கோ அனுப்ப வேண்டியிருந்தது. அவ்வாறு அனுப்ப வசதியற்றோரின் பிள்ளைகள் கல்வியின்றி வளர்ந்தனர்.

1887ஆம் ஆண்டில் விக்டோரியா பேரரசியார் அரியணை ஏறிய பொன்விழாவை முன்னிட்டு, நினைவுச் சின்னம் ஒன்று எழுப்பப் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டிருந்தது. அப்பணம் செலவிடப்படாமல் கிடந்தது. அப்பொழுது சிலாங்கூரின் ஆலோசகராக இருந்த டிரீச்சர், அந்நிதியைக் கொண்டு ஒரு பள்ளி நிறுவலாம் எனக் கருதினார். ஆயினும் இருந்த தொகை போதவில்லை. அரசாங்கமும் உதவியது, ஊர்ச் செல்வந்தரும் கைகொடுத்தனர். அச்செல்வந்தருள் முன்னின்றோர் தம்புசாமி பிள்ளை, லோக் யூ, கோலாலம்பூர்ச் சீனரின் தலைவராகிய கப்பித்தான் யாப் குவான் செங் ஆகிய மூவர். 1893ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. 1894ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் பள்ளி திறக்கப்பட்டது. அதுவே விக்டோரியா கல்விக்கூடம். ராவாங் சுரங்கத்தில் மின்விசை நீர் இறைக்கத் தொடங்கிய அதே ஆண்டில், கோலாலம்பூரில் அப்பள்ளியின் மணி ஒலிக்கத் தொடங்கியது.

இங்கு நாம் இரண்டு செய்திகளைக் கருத வேண்டும். முதலாவது, அப்பள்ளி ஓர் இனத்தார்க்கோ ஒரு சமயத்தார்க்கோ மட்டும் உரியதாக அமையவில்லை. மலாய்க்காரர், சீனர், தமிழர், சிங்களர், யுரேசியர் என எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கற்றனர். தமிழ் வணிகர் தந்த வெள்ளி சீனச் சிறுவனுக்கும், சீன வணிகர் தந்த வெள்ளி தமிழ்ச் சிறுவனுக்கும் பயன்பட்டது.

இரண்டாவது, வழங்கிய பணம் அறங்காவலர் குழுவொன்றின் பொறுப்பில் வைக்கப்பட்டது. தம்புசாமி பிள்ளையும் அக்குழுவில் இடம்பெற்றார். பணத்தைக் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கிவிடவில்லை. கருவூலத்தில் பணியாற்றிய அவர், கணக்கில்லாத கொடை கரைந்துபோகும் என்பதை நன்கு அறிவார். சென்னையில் வாழ்ந்த வள்ளல் பச்சையப்ப முதலியார் 1794ஆம் ஆண்டில் மறைந்தபோது தம் செல்வத்தை அறப்பணிகளுக்கென எழுதி வைத்தார். ஆனால், அப்பொருள் பல ஆண்டுகள் முறையாகப் பயன்படவில்லை. நீதிமன்றம் தலையிட்ட பின்னரே நிதி மீட்கப்பட்டு, 1842ஆம் ஆண்டில் அவர் பெயரால் பள்ளி தோன்றியது. இடையில் கழிந்த ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் எத்தனை சிறுவர் கல்வியை இழந்தனரோ! கொடுக்கும் மனம் எவ்வளவு வேண்டுமோ, கொடுத்ததைக் காக்கும் ஒழுங்கும் அவ்வளவு வேண்டும் என்பதை இவ்விரு வரலாறுகளும் உணர்த்துகின்றன.

அதே காலத்தில் இந்தியாவிலும் இவ்வெண்ணம் தழைத்தது. பருத்தி ஆலைகளால் பொருள் ஈட்டிய ஜாம்ஷெட்ஜி டாட்டா, 1892ஆம் ஆண்டில் மாணவர் உயர்கல்வி பெறுவதற்கென ஒரு நிதியை ஏற்படுத்தினார். கடல் கடந்த இரு நாடுகளில், ஒருவரையொருவர் அறியாத தொழிலதிபர்கள் ஒரே வழியில் சிந்தித்தனர். ஊர் வாழ்ந்தால்தான் தொழில் வாழும்; ஊரின் இளைஞர் கற்றால்தான் ஊர் வாழும் என்பதே அவ்வழியாகும். இத்தகைய பண்பை நம் முன்னோர் ஒப்புரவு என்றனர். திருவள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளார்.

ஆலயமும் ஊர் நலமும்

மக்களின் நல்வாழ்வுக்குக் கல்வியோடு வேறு பலவும் வேண்டும். நோயுற்றால் மருந்து வேண்டும். துன்புற்றால் ஆறுதல் வேண்டும். பலரும் ஒன்றுகூட ஓர் இடம் வேண்டும். தம்புசாமி பிள்ளையின் நண்பர் யாப் குவான் செங் 1881ஆம் ஆண்டில் ஏழைகளுக்கு இலவசமாக மருந்தளிக்கும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் துங் சின் மருத்துவமனையாக வளர்ந்தது.

தம்புசாமி பிள்ளை தமிழ் மக்களின் வழிபாட்டுக்கு இடம் அமைத்தார். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் அவர்தம் குடும்பத்தின் வழிபாட்டிடமாகத் தோன்றி, பின்னர் 1920களின் இறுதியில் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. பத்துமலைக் குகையில் முருகப் பெருமானுக்கு ஆலயம் கண்டவரும் அவரே. 1892ஆம் ஆண்டு முதல் அங்குத் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது.

தைப்பூசத்தன்று வட சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்து மக்கள் திரள் திரளாகப் பத்துமலைக்குச் செல்வது வழக்கம். ஆண்டு முழுவதும் பால்மரக் காட்டில் உழைத்தவர்கள் அந்நாளில் உற்றார் உறவினரைச் சந்தித்தனர், பெண் பார்த்தனர், நேர்த்திக்கடன் செலுத்தினர். தனித்தனித் தோட்டங்களில் சிதறி வாழ்ந்த மக்கள், தாம் ஒரு சமுதாயம் என்பதை அங்குத்தான் கண்ணாரக் கண்டனர்.

எட்டாத இடங்களும் உண்டு

மாணவர்களே, ஒருவரைப் புகழும்பொழுது உண்மையை மறைத்தல் கூடாது. விக்டோரியா கல்விக்கூடம் நகரத்தில் இருந்தது, ஆங்கிலத்தில் கற்பித்தது, கட்டணமும் பெற்றது. காட்டை அழித்தவரின் பிள்ளைகளுக்கும், தோட்டத்து லயங்களில் பிறந்த பிள்ளைகளுக்கும் அது மிகத் தொலைவில் இருந்தது. நடந்து செல்லும் தூரத்தில் ஒரு பள்ளி இருந்தாலன்றி அவர்களால் கற்க இயலாது.

அக்காலத்துத் தோட்டக் கம்பெனிகளுள் பல, பிள்ளைகளின் கல்வியைத் தம் கடமையாகக் கருதவில்லை. ஆகவே சட்டம் குறுக்கிட வேண்டியதாயிற்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி அமைத்துத் தர வேண்டுமென விதித்தது. பல தோட்டங்களில் ஒரு கொட்டகையோ, லயத்தின் ஓர் அறையோ பள்ளியாயிற்று. கங்காணியோ கிராணியோ ஆசிரியரானார். மனமுவந்து தந்த பள்ளிக்கும், சட்டத்துக்கு அஞ்சித் தந்த பள்ளிக்கும் உள்ள வேறுபாடு அக்கட்டடங்களிலேயே தெரிந்தது. இருந்தும், அந்தக் கொட்டகைகளில் அரிச்சுவடி கற்றவர்களே நம் தமிழ்ப் பள்ளிகளைக் காத்து நமக்கு அளித்தனர்.

பின்னர்த் தொழிலாளரே தமக்குத் தாம் உதவும் வழியும் பிறந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் வெட்டியவர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறு தொகை செலுத்தி, தோட்டங்களுக்குத் தாமே உரிமையாளராயினர். பெரிய நிறுவனங்களும் காலப்போக்கில் தம் கடமையை உணர்ந்தன. 1982ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சைம் டார்பி அறவாரியம் போன்றவை மாணவர்க்கு உதவிச் சம்பளம் வழங்கலாயின.

இவற்றையெல்லாம் எண்ணும்போது நமக்கு ஓர் உண்மை புலனாகிறது. நிறுவனத்தின் கொடை, கொடுப்பவர் கண்ணுக்குத் தெரியும் பிள்ளைகளையே முதலில் சென்றடைகிறது. கண்ணுக்குத் தெரியாத மூலையில் இருக்கும் பிள்ளைக்கு அது எட்ட வேண்டுமாயின், சட்டமும் வேண்டும். மக்களின் கூட்டு முயற்சியும் வேண்டும். அப்பிள்ளைக்காகப் பேசும் குரலும் வேண்டும்.

மறைவும் நினைவும்

தம்புசாமி பிள்ளை 1902ஆம் ஆண்டில், தாம் பிறந்த சிங்கப்பூரிலேயே காலமானார். அவர் வாழ்ந்தது ஐம்பத்திரண்டு ஆண்டுகள் மட்டுமே. கோலாலம்பூரில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. விக்டோரியா கல்விக்கூடத்தின் விளையாட்டு இல்லங்களுள் ஒன்றுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. அப்பள்ளி 1929ஆம் ஆண்டில் நகரின் வேறோரிடத்தில் உள்ள குன்றின்மேல் புதிய கட்டடத்திற்கு மாறியது. இன்றும் சிறப்புடன் நடைபெறுகிறது.

அவர் நடத்திய ஈயக் கம்பெனி இன்று இல்லை. சிலாங்கூரின் ஈயச் சுரங்கங்கள் ஓய்ந்துவிட்டன. ஈயம் எடுத்த பள்ளங்கள் பல இடங்களில் ஈயக் குட்டைகளாக நீர் நிறைந்து கிடக்கின்றன. மண்ணிலிருந்து எடுத்த ஈயம் உலகமெங்கும் சென்று கரைந்துவிட்டது. ஆனால், அதன் வருவாயில் ஒரு பகுதியைக் கொண்டு எழுந்த பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் மாணவர் கற்று வெளியேறுகின்றனர். செலவழித்த செல்வத்துள் எது நிலைத்தது, எது அழிந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

மாணவச் செல்வங்களே! நாம் இப்பொழுது பயன்படுத்தும் கட்டடத்திலும், படிக்கும் புத்தகத்திலும், விளையாடும் திடலிலும் யாரோ ஒருவருடைய கொடையோ உழைப்போ கலந்திருக்கிறது. அவற்றைப் பேணிக் காப்பது நமது முதற்கடமை. நன்கு கற்று, நல்ல தொழில் செய்து, நேர்மையாகப் பொருள் ஈட்டுவது அடுத்த கடமை. ஈட்டிய பின், நாம் பிறந்த ஊரையும் பயின்ற பள்ளியையும் திரும்பிப் பார்த்து, அங்குள்ள ஏழைப் பிள்ளைக்குக் கைகொடுப்பது நிறைவான கடமை. தம்புசாமி பிள்ளையால் எட்ட இயலாத லயத்துப் பிள்ளைகளின் வழித்தோன்றல்கள் நாம். அவர் தொடங்கி வைத்த நற்பணியை, அவர் கை எட்டாத இடத்துக்கும் கொண்டு செல்வது நம் கையில் உள்ளது.

வாழ்க வள்ளலின் புகழ்! வளர்க நம் கல்வி!